முதலில் எது? குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்!



சம்பளத் தேதி நெருங்கிவிட்டால் எந்தத் தோட்ட வீட்டிலும் ஆசைக்குப் பஞ்சமில்லை. சொந்தமாக ஒரு வீடு வேணும், மகனைப் படிக்க வைக்கணும், மகள் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்தணும், மோட்டார் சைக்கிள் மாற்றணும், பெரிய டெலிவிஷன் வாங்கணும். எல்லாம் நியாயமான ஆசைகள்தாம். பாட்டாளிக்கு ஆசை எதற்கு என்று கேட்பது முதலாளி பேச்சு. அதை நாம் பேசமாட்டோம். நாம் கேட்பது ஒன்றுதான்: இவற்றில் முதலில் எது?

பல வீடுகளில் இதற்குப் பதில் இல்லை. அதற்குக் கொஞ்சம், இதற்குக் கொஞ்சம் என்று பணம் கரைந்து போகிறது. ஐந்து வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் முடிந்திருக்காது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

வரிசை என்பது நமக்குப் புதிதல்ல. பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். வெயில் ஏறினால் பால் குறையும் என்பதால் இருட்டிலேயே நிரைக்குப் போவார்கள். முதலில் வெட்டிய மரத்து மங்கிலிருந்தே பால் எடுக்கத் தொடங்குவார்கள். நேரம் தவறினால் மங்கிலேயே பால் கட்டியாகிவிடும். குடும்பக் கணக்குக்கும் இதே அளவுகோல் போதும். தள்ளிப் போட்டால் கெட்டுப்போவது எது? தள்ளிப் போட்டாலும் கெடாதது எது?

இந்த அளவுகோலை நம் பாட்டன் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போச்சு, வீடும் போச்சு என்று நம் மக்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போதுதான், பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், "மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம்" என்று கேட்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அது வாங்கியது. 1979-இல் துன் மறைந்தார். சங்கம் இன்றும் இருக்கிறது.

பத்து வெள்ளி அன்றைக்குப் பல நாள் கூலி. கையில் மிஞ்சியதால் யாரும் கொடுக்கவில்லை. புதுச் சேலை அடுத்த தீபாவளிக்கு ஆகட்டும், காலடி மண் இப்போதே போய்விடும் என்று கண்டுகொண்டதால் கொடுத்தார்கள்.

இன்றைக்குக் கெட்டுப்போவது எது? லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். 2013 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில் பெட்டி படுக்கையோடு எங்கே போவது? ஈப்போவைச் சுற்றிப் பாருங்கள், ரப்பர் நின்ற இடங்களில் தாமான்கள் நிற்கின்றன. ஆகவே சொந்த வீடு முதல் வரிசை. பிள்ளை ஐந்தாம் படிவம் முடித்து மேற்படிப்புக்கு நிற்கிறதா? அந்த வருஷம் படிப்புதான் முதல். அந்த வயது திரும்பி வராது. கல்யாண மண்டபத்து ஆடம்பரமும் டெலிவிஷனும் கெட்டுப் போகிற பால் அல்ல. அவை காத்திருக்கலாம். ஆலோங்கிடம் கடன் வாங்கி நடத்தும் கல்யாணத்தின் வட்டியைக் கட்டுவது பெண்ணைப் பெற்றவரின் முதுமைக் காலம்.

ஊழியர் சேமநிதியையும் இதே கண்ணோடு பாருங்கள். 2024 மே 11 முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களின் புதிய சந்தாவில் நூற்றுக்கு 75 ஓய்வுக்கால கணக்குக்கும், 15 செஜாத்ரா கணக்குக்கும், 10 ஃபிளெக்சிபெல் கணக்குக்கும் போகிறது. கடைசிக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் கை வைக்கலாம். 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்துக்கு, தொழிலாளியின் 187 வெள்ளியும் முதலாளியின் 221 வெள்ளியும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி. அதில் ஃபிளெக்சிபெல் பங்கு 40 வெள்ளி 80 காசு. எடுத்தால் ஒரு வேளை சாமான். வீடு வாங்க உதவும் செஜாத்ரா பங்கோடு இதையும் பத்து வருஷம் தொடாமல் விட்டால் 12,240 வெள்ளி, லாப ஈவு தனி. மலிவு வீட்டின் முன்பணத்துக்கு அது கைகொடுக்கும்.

"சம்பளமே பத்தவில்லை, இதில் முதலாவது என்ன, இரண்டாவது என்ன?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிக்கனத்தைப் பற்றிப் பேசிச் சம்பளக் கோரிக்கையை மூடி மறைக்க நாம் வரவில்லை. கூலி உயர்வுக்கும் ஓய்வு பெறுவோரின் வீட்டுக்கும் சங்கம் போராடித்தான் தீரும். ஆனால், போராடி வாங்கும் ஒவ்வொரு வெள்ளியும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தொழிற்சங்கமோ நிர்வாகமோ முடிவு செய்ய முடியாது. அது உங்கள் வீட்டுத் தீர்மானம்.

ஆகவே இந்தச் சம்பளத்துக்கு முன்னால் கணவன், மனைவி, விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். தாய்மார் பேச்சுக்குச் சம இடம் கொடுங்கள். அடுப்படிக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். ஆசைகளை ஒரு தாளில் எழுதி, காத்திருக்கக் கூடியதையெல்லாம் கீழே தள்ளுங்கள். மேலே நிற்கும் ஒன்றுக்குரிய பணத்தைச் சம்பளம் வாங்கிய அன்றே எடுத்து வையுங்கள். செலவு போக மிஞ்சியதைச் சேர்ப்போம் என்றிருந்தால் ஒருநாளும் மிஞ்சாது.