மருந்துப் போத்தலை வையுங்கள், வாளியை எடுங்கள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டது. ஹந்தானைச் சரிவிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் லயங்களுக்குப் பின்னால் நாம் போட்ட கத்தரிப் பாத்திகளைப் போய்ப் பாருங்கள். புள்ளி வண்டும் அதன் முள்ளுப் புழுவும் பச்சையைச் சுரண்டி, நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். பாகற்கொடியும் அப்படியே. பூசணி இரண்டாம் இலை விடுவதற்குள் செம்மஞ்சள் வண்டு வந்து கடித்துத் தள்ளுகிறது. இன்னும் இரண்டு வாரம் கைகட்டி நின்றால் இந்தப் போகத்துக் காய் நமக்கில்லை. காய் விலை ஏறிக் கிடக்கும் நாட்களில் நம் பிள்ளைகளின் கறிச்சட்டிக்கு இருக்கும் ஒரே துணை இந்தப் பாத்திகள்தான்.

கடைக்குப் போனால் ஒரு போத்தலை நீட்டுவார்கள். வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். கானுவில் கழுவி ஊற்றுவது கீழ் லயத்துத் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அதற்கு நம் மலைகளே சாட்சி.

தேயிலை இலைகளைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழுவொன்று அன்று இந்தத் தோட்டங்களை ஆட்டிப்படைத்தது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். சுருட்டுப்புழு அடங்கியது.

தேயிலைக்கு இன்னொரு பகை கிளை துளைக்கும் வண்டு. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து நடுத்தர உயரத் தோட்டங்களில் இன்றும் அது ஓயவில்லை. இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். தேயிலைக் கிளைக்குள் சுரங்கம் குடைந்து, தான் சுமந்துவந்த பூஞ்சையை அதற்குள் வளர்த்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும். கொழுந்தெடுக்கும் நம் பெண்கள் நிரைக்குள் நுழையும்போது கிளை படக்கென்று முறிகிறதே, பல இடங்களில் அது இந்த வண்டின் வேலை. அதைக் கொல்ல 1950களிலும் 60களிலும் மலைகளில் டீல்ட்ரின் தெளித்தார்கள். தெளித்த கைகள் நம் அப்பன் பாட்டன் கைகள். வண்டுக்கு வைத்த நஞ்சு அந்தக் குளவியையும் கொன்றது. இருபது ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மறுபடி கிளம்பி மலைகளை மூடியது. ஒரு எதிரியைத் தேடிப் போய் இன்னொரு எதிரியைக் கூட்டிவந்த கதை இது. அந்த டீல்ட்ரினைத்தான் 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை உலகம் விலக்கவேண்டிய முதல் பன்னிரண்டு நஞ்சுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

இதற்கு மாறான பாடமும் இதே நாட்டில் இருக்கிறது. 1970 வாக்கில் தென்னோலையைக் குடையும் புதிய வண்டு இலங்கைக்குள் புகுந்தது. சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு குளவியே அதை அடக்கியது.

நம் கத்தரிப் பாத்தியிலும் அப்படிப்பட்ட குளவி இருக்கக்கூடும், தோழர்களே. கறுத்து, உலர்ந்து, இலையோடு ஒட்டிப்போன புழுவைக் கண்டால் அதற்குள் குளவிக் குஞ்சு வளர்கிறது என்று எண்ணுங்கள். அதை நசுக்காமல் விடுங்கள். நசுக்கவேண்டியது உயிரோடு நகரும் மஞ்சள் முள்ளுப் புழுவை. இலைக்கு அடியில் செங்குத்தாக, கூட்டமாக நிற்கும் மஞ்சள் முட்டைகளைத் தேடி முதலில் அழியுங்கள். மூன்று நான்கு நாளில் அவை பொரித்துவிடும். ஆனால் புள்ளி உள்ள வண்டெல்லாம் பகை இல்லை. இலை தின்னும் வண்டின் முதுகு மங்கலாக, மெல்லிய மயிரோடு இருக்கும். பளபளவென்று மின்னுவது அழுக்கணவனைத் தின்னும் நம் தோழன்.

விடியற்காலைக் குளிரில் வண்டு விறைத்துக் கிடக்கும், எளிதில் பறக்காது. பிரட்டுக்குப் போகுமுன் அரைமணி நேரம் போதும். சவர்க்காரத் தண்ணீர் வாளியை இலைக்குக் கீழே பிடித்துச் செடியைத் தட்டுங்கள், வண்டுகள் அதற்குள் விழும். பூசணி நாற்றுக்குப் பனி காயுமுன் அடுப்புச் சாம்பல் தூவுங்கள், மழை கழுவினால் மறுபடி தூவுங்கள். பழைய நுளம்புவலை இருந்தால் நாற்றை மூடி, பூ வந்ததும் எடுத்துவிடுங்கள், தேனீ வரவேண்டும். பூசணி வண்டின் குஞ்சு மண்ணுக்குள் வேரைத் தின்பதால் அறுவடை முடிந்ததும் பாத்தியைக் கொத்திப் புரட்டிக் கோழியை விடுங்கள். மாட்டெருக் குவியலையும் அடிக்கடி கிளறுங்கள், தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் வெள்ளைப் புழு அங்கேதான் கொழுக்கிறது.

இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டை. நம் ஈர மலையில் வேம்பு செழிக்காது. யாழ்ப்பாணத்திலோ அநுராதபுரத்திலோ உறவு இருப்பவர்கள் கொட்டை சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பருப்பை இடித்து, லீற்றருக்கு ஐம்பது கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும்.

2021ஐ நினைத்து உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். ஒரே இரவில் இரசாயன உரத்தையும் மருந்தையும் அரசாங்கம் மேலிருந்து தடுத்தது, விவசாயி நொந்தான், நவம்பரில் அது பின்வாங்கியது. உங்கள் கோபம் நியாயமானது. அன்று யாரும் நம்மைக் கேட்கவில்லை, மாற்றுவழியும் கற்றுத்தரவில்லை. இப்போது முடிவெடுப்பது நாம். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது. நம் வரியில் நடக்கும் அந்த இடத்துக்குப் பாதித்த இலையோடு போய், தமிழில் விளக்கம் கேளுங்கள். அது நம் உரிமை.

ஒன்றைமட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தனித்தனியாகச் செய்யாதீர்கள். நீங்கள் பொறுக்கி முடித்த மறுநாளே பக்கத்துப் பாத்தியிலிருந்து வண்டு பறந்து வரும். வேலியோரத்துச் சுண்டையிலும் மணித்தக்காளியிலும் அது குடியிருக்கும், அவற்றையும் பார்க்கவேண்டும். மேல் லயமும் கீழ் லயமும், பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தோழர்களின் தோட்டங்களும் ஒரே வாரத்தில் இறங்கவேண்டும். அவர்கள் கத்தரியையும் இதே வண்டுதான் தின்கிறது. போய்ப் பேசுங்கள், நம் வாளியையும் கொடுங்கள்.

வருகிற ஞாயிறு விடியலில் தொடங்குவோம். முட்டை பார்க்கக் கூர்மையான கண் வேண்டும், பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவாருங்கள். லயத்துக்கு ஒருவர் எந்தப் பாத்தியில் எவ்வளவு வண்டு என்று கொப்பியில் குறிக்கட்டும். பிறகு வாரத்தில் இரண்டு காலை, முட்டையும் புழுவும் கண்ணில் படாமல் போகும் வரை. வேலைக்குப் போகும் பெண்கள் தலையில் இந்தச் சுமையும் ஏறக்கூடாது. ஆண்களே, அந்தக் காலைகளில் முதலில் பாத்திக்கு வரவேண்டியவர்கள் நீங்கள்.