உழைப்பவருக்கும் தேகப்பயிற்சி வேண்டுமா?

நமது சங்கங்களின் கூட்டங்களில் நூல் விலை, உர வரத்து, தவணை பாக்கி ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. உறுப்பினரின் தேக நிலையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆயினும், கணக்குகளைப் புரட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஓர் உண்மை விளங்கி வருகிறது. நாற்பது, ஐம்பது வயதில் குடும்பத்தைத் தாங்குகிறவர் படுத்துவிட்டால், முதலில் தவணை நிற்கிறது. பின்னர் நகை அடகுக்குப் போகிறது. அதன்பின் பிள்ளையின் படிப்பு தடைப்படுகிறது. பாக்கிப் பட்டியலில் ஒரு வரியாக நாம் காண்பது பல வேளைகளில் ஒரு நோயின் கதையே ஆகும்.

மரக்காணத்தில் ஒரு கூட்டத்தின் முடிவில் இதை நான் எடுத்துச் சொன்னபோது, உப்பளத்தில் பல்லாண்டு உழைத்த பெரியவர் ஒருவர் நகைத்தார். "விடியுமுன் அளத்தில் இறங்குகிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு, ஐயா? அது நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அல்லவா?" என்றார். கூட்டம் சிரித்தது. அங்கே நாற்காலியில் அமர்ந்திருந்தவன் நான் ஒருவனே ஆகையால் நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் உபதேசம் செய்வது முறையன்று.

பெரியவரின் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. லண்டன் நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில் வேலை செய்த 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 1953-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் இருதய நோய் குறைவாக இருந்தது. உழைப்பு உடலைக் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றொரு பாதியையும் பார்க்க வேண்டும். எல்லா உழைப்பும் ஒரே தன்மையது அன்று. நாள் முழுவதும் பாரம் தூக்குவது, ஒரே நிலையில் குனிந்து நிற்பது, வேண்டியபோது ஓய்வு கொள்ள முடியாதது ஆகிய வேலைகள், தாமே விரும்பிச் செய்யும் நடையைப்போல இருதயத்துக்கு நன்மை தருவதில்லை என்று டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அண்மைக் காலத்தில் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். உப்பு வாருகிறவரின் இடுப்பும் தோளும் தேய்கின்றன. சுட்டெரிக்கும் வெயிலில் உடல் நீரை இழக்கிறது. குழித்தறியில் அமர்ந்திருப்பவருக்குக் கையும் காலும் ஓயாமல் ஆடுகின்றன. முதுகும் கழுத்தும் மட்டும் காலை முதல் மாலை வரை வளைந்தபடியே இருக்கின்றன. விவசாயியோ ஏற்றம் இறைத்த காலமும் ஏர் பிடித்த காலமும் போய், மோட்டாரும் டிராக்டரும் வந்தபின், வயலுக்குக்கூட இருசக்கர வண்டியில் போகிறார். அவரை நான் குறை கூறவில்லை. நானும் சங்கத்துக்குச் சங்கம் அப்படித்தான் போகிறேன்.

நமது கடற்கரைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. தை பிறந்ததும் பாத்தி மிதித்து வேலை தொடங்குகிறது. கோடை முழுவதும் உப்பு விளைகிறது. ஐப்பசி மழை இறங்கினால் அளம் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடுகிறது. ஆக, ஒன்பது மாதம் மிகை உழைப்பு, மூன்று மாதம் திண்ணை வாசம். இருபது வயதில் இந்த ஏற்றத்தாழ்வை உடல் தாங்கும். முப்பதைக் கடந்தபின் தசை மெல்ல மெல்லக் குறைகிறது. மழைக்காலம் முழுவதும் முடங்கிய உடலை மறுபடியும் தையில் திடீரென்று அளத்தில் இறக்கும்போதுதான் இடுப்புப் பிடிப்பும் முழங்கால் வலியும் வருகின்றன. வேலை நின்ற மாதங்களில்தான் உப்பளத் தொழிலாளிக்கு நடை மிகவும் அவசியம்.

எப்படித் தொடங்குவது? இங்கேதான் நம்மவர் தவறுகின்றனர். வைத்தியர் அச்சுறுத்திய மறுநாள் ஐந்து மைல் ஓடுவது, மூன்றாம் நாள் கால் வீங்குவது, நான்காம் நாள் அனைத்தையும் விட்டுவிடுவது என்பதே வழக்கமாக இருக்கிறது.

உப்போடு வாழும் நமக்கு உப்புக்காக நடந்தவர்களே நல்ல பாடம். 1930-இல் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்கு 241 மைல் நடந்தபோது அவருக்கு வயது 60. அத்தூரத்தை அவர் 24 நாட்களில் கடந்தார், காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி, திங்கட்கிழமை ஓய்வு. அதே ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 150 மைல் நடந்து, 28-ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்த ராஜாஜிக்கு வயது 51. ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர் அவர். நாளொன்றுக்குப் பத்து மைல் என்பதே கணக்கு. இருவரையும் கொண்டு சேர்த்தது வேகம் அன்று. அளவும் ஒழுங்கும் ஓய்வுமே. காந்தியடிகளோ பள்ளி மாணவராக இருந்த நாள் முதலே நடையைப் பழக்கமாகக் கொண்டவர்.

இது கூட்டுறவாளருக்குப் புதிய தத்துவம் அன்று. சிக்கன சேமிப்பில் நாம் என்ன சொல்கிறோம்? பெருந்தொகையை ஒரு நாள் கட்டுவதைவிடச் சிறுதொகையைத் தவறாமல் கட்டுவதே மேல் என்கிறோம். வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான நடையும், இரு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவு. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி, அவ்வளவே. அதுவும் இயலாதவர் பத்து நிமிஷத்தில் தொடங்கலாம். ஒரு வாரம் தவறினால் கணக்கை மூடிவிட வேண்டியதில்லை. அடுத்த வாரம் மீண்டும் தொடர்ந்தால் போதும்.

பெண்களுக்கு அந்த அரை மணி எங்கே என்று கேட்கலாம். உப்பளத்திலும் தறியிலும் உழைத்துவிட்டு அடுப்படிக்கும் போகிறவர்களிடம் இன்னும் ஒரு கடமையைச் சுமத்துவது அநியாயம். அந்த அரை மணியை வீட்டு ஆண்கள் தம் கையால் வேலை செய்து ஈட்டிக்கொடுக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சங்கங்களுக்கு என் யோசனை மூன்று. ஒன்று, நாற்பது வயதைக் கடந்த உறுப்பினர் அனைவரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளச் சங்கமே ஆரம்ப சுகாதார நிலையத்துடன் கலந்து ஒரு நாளைக் குறிக்கட்டும். நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்கலாகாது. இரண்டு, நெசவாளர் மணிக்கு ஒரு முறை தறிக்குழியை விட்டு எழுந்து, முதுகை நிமிர்த்தி, நாலு எட்டு நடக்கட்டும். மூன்று, அண்டை வீட்டார் நால்வர் ஐவராகச் சேர்ந்து, வண்டிகள் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தவிர்த்து, ஊர்த் தெருவிலோ ஏரிக்கரையிலோ விடியற்காலையில் நடக்கட்டும். தனியாக நடப்பவர் சோம்பலுக்கு இடம் கொடுப்பார். காத்திருப்பவர் நால்வர் இருந்தால் கொடுக்கமாட்டார். கூட்டுறவின் பலமே அதுதான்.

அந்தப் பெரியவருக்கு என் விடை இதுவே: அளத்தில் தாங்கள் செய்வது பிறருக்காகச் செலவழிக்கும் உழைப்பு, காலை நடை தங்களுக்காகச் சேமிக்கும் உழைப்பு. செலவுக் கணக்கு மட்டும் உள்ள ஏட்டை எந்தத் தணிக்கையாளரும் ஒப்பமாட்டார்.