சுங்கை காடுட்டில் எந்த மரம் நடலாம்?

ஆண்டிறுதி மாதங்களிலும் சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் செரெம்பான் சந்தைகளில் பொன்னிறமாக அடுக்கி வைக்கப்படுவதும், மலாய் மக்கள் பிசாங் காக்கி என்றழைப்பதுமான பெர்சிமன் பழத்தைக் கண்டு, அதன் கன்றொன்றைத் தம் வீட்டு முற்றத்திலும் வளர்க்கவேண்டுமென்ற அபிலாஷை சுங்கை காடுட் வட்டாரத்து இல்லத்தரசி ஒருத்திக்கு எழுமானால், அதை வீண் ஆசையென்று நான் ஒதுக்கமாட்டேன். ஆயினும் அந்தக் கன்றை இங்கே நடவேண்டாம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சீனமும் ஜப்பானும் போற்றி வளர்த்த அவ்விருட்சம், குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் விழித்துப் பூக்கும் இயல்புடையது. அவ்வுறக்கத்துக்கு 7 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிர் 100 முதல் 200 மணி நேரமாவது வேண்டும் என்பது தோட்டக்கலை வல்லுநர்களின் கணக்கு. இரவிலும் 22, 23 டிகிரிக்குக் கீழே உஷ்ணம் இறங்குவது அரிதாயுள்ள நெகிரி செம்பிலான் சமவெளியில், எத்தனை பிரயாசையோடு நீர் வார்த்தாலும், அது இலைவிட்டு நிற்குமேயன்றி ஒழுங்காகப் பூத்துக் காய்ப்பதை எதிர்பார்க்க இயலாது. தமிழ் வழங்கும் நிலத்தில் அது செழித்த இடம் நீலகிரி. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில், சிம்ஸ் பூங்காவை அடுத்த அரசுப் பழப்பண்ணையில் அம்மரங்கள் காய்த்து, பழங்கள் விற்பனைக்கும் வருகின்றன. அங்கே மார்கழிக் குளிர் உண்டு, இங்கே இல்லை.

ஆனால் பெர்சிமனின் குலம் பெரிது. பீடி சுற்ற இலை தரும் மரமும், இலங்கையின் வறண்ட காடுகளில் வைரம் பாய்ந்து நிற்கும் கருங்காலியும், தமிழகத்து ஆற்றங்கரைகளில் நிழல் பரப்பும் பனிச்சையும் அதன் தாயாதிகளே. பனிச்சைக் காயின் துவர்ச்சாற்றால் நம்மவர் படகுப் பலகைகளின் இடுக்கை அடைத்து, மீன்வலைகளுக்கு உரமும் சாயமும் ஏற்றினர். ஜப்பானியரும் பெர்சிமன் காயின் சாற்றை வலைக்கும் காகிதத்துக்கும் அவ்வாறே பூசினர் என்பதை அறியும்போது, ஒரே குலத்து மரங்களிடமிருந்து வெவ்வேறு கரைகளில் மனிதர் ஒரே பாடத்தைக் கற்றிருப்பது எனக்குப் பேருவகை தருகிறது. இந்தக் குலத்தில் வெப்பப் பிரதேசத்துக்கென்றே அமைந்தது, பிலிப்பைன்ஸையும் தைவானையும் தாயகமாகக் கொண்டு மலாயாவுக்கு வந்த புவா மெந்தேகா. செம்பழுப்பு நிறத்தில் பட்டுப்போன்ற ரோமம் படர்ந்த தோலும், வெண்ணெய் நிறச் சதையும் உடைய அப்பழத்தின் வாசனை முதலில் முகஞ்சுளிக்க வைக்கலாம். தோலைச் சீவிச் சில மணி நேரம் குளிர வைத்தால் அது அடங்கி இனிமை மேலெழும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாதலால், காய்க்கும் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றையே வாங்கவேண்டும். அண்டை வீட்டார் இருவர் கலந்து பேசி, ஆணொன்றும் பெண்ணொன்றுமாக நடுவது உத்தமம்.

இங்கேதான் மெய்யான இடர் எழுகிறது. அது பெருமரம், கிளையை ஓயாது கழித்தாலன்றி ஒரு தரை வீட்டின் முற்றத்துக்குள் அடங்காது. பால்மரக் காடுகளில் நம் பாட்டன்மார் உழைத்த நாளில், குடும்பத்தைத் தாங்கும் தொழிலாளிக்குப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்படவேண்டுமென்று மலாயாத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. எல்லாத் தோட்டங்களும் அவ்விதியை மனமுவந்து நிறைவேற்றின என்று சொல்லமாட்டேன். ஆயினும் லயத்துக்குப் பின்னே முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் தழைத்தது அவ்வாறு கிடைத்த மண்ணிலேதான். அந்தப் பங்கு சுமார் 2,700 சதுர அடி. இன்று 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட மனையில், வீட்டையும் சேர்த்தே 1,400 சதுர அடிதான் அவர்களுடைய சந்ததியாருக்கு வாய்க்கிறது. அடுக்குமாடியில் குடியேறியவர்க்கோ பூந்தொட்டி வைக்கும் இடமே மிச்சம். கூலிக்காரனுக்கென்று அந்நிய ஆட்சி எழுதிவைத்த அளவில் பாதிதான் சுதந்திர நாட்டின் பிரஜைக்குக் கிடைக்கிறது என்பதை நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தோட்டங்கள் செம்பனைக்கும், துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை போன்ற ஆலை வளாகங்களுக்கும், தாமான்களுக்கும் இடமளித்துவிட்ட சுங்கை காடுட்டில், இனிப் புதிய தாமானுக்கு வரைபடம் வகுக்கும்போதெல்லாம், விளையாட்டுத் திடலுக்கென விடப்படும் நிலத்தின் அருகே குடியிருப்போர் பழமரம் வளர்ப்பதற்கும் ஒரு துண்டு நிலத்தைச் செரெம்பான் மாநகர் மன்றம் கட்டாயமாக்க வேண்டும். அங்கே புவா மெந்தேகாவுக்கு 25 அடி இடைவெளி விடலாம். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் உடன் நிற்கலாம். பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கமே ஏற்று, நடும் நாளிலேயே நீர் வார்க்கும் முறையையும் பழத்தைப் பகிரும் முறையையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.