முப்பத்தாறு ரூபாய் மிச்சம்



இந்த மாதச் சுவர் இதழுக்குச் சிக்கனம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி தமிழ் ஐயா சொன்னார். 'சிறு துளி பெரு வெள்ளம்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். அப்புறம் படித்துப் பார்த்தால் எனக்கே பொய் மாதிரி இருந்தது. ஏன்னா சிக்கனமா இருக்கப் போய்த்தான் நான் ஒரு பெரிய தப்பு பண்ணினேன். அதை ஒரு வருஷமா மறைச்சும் வெச்சிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு இதை எழுதுகிறேன்.

பயணத்துல காசை மிச்சம் பிடிக்கிறது நல்லதுதான். ஆனா மிச்சம் பிடிக்கிற காசுக்குப் பதிலா நேரத்தைக் கொடுத்தே ஆகணும். அந்த நேரத்தை முன்னாடியே எடுத்து வைக்காதவங்களுக்கு அது சிக்கனம் இல்லை, நஷ்டம். இதுதான் என் கருத்து. இதை எந்தப் புத்தகத்துலயும் நான் படிக்கல. பட்டுத் தெரிஞ்சுகிட்டேன்.

அன்னைக்கு நடந்தது

போன வருஷம் எட்டாவதுல என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதினோம் இல்லையா? தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அதுல தேர்ச்சி பெற்றால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் மாசம் 1000 ரூபாய். வருஷத்துக்கு 12,000. நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய். எங்க அம்மா ஒரு நாள் களை எடுக்கப் போனா என்ன கூலின்னு உங்களுக்கே தெரியும். 48,000 எங்க வீட்டுக்கு எவ்வளவு பெரிய காசுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வு மையம் டவுன்ல. சனிக்கிழமை காலையில ஒன்பதரை மணிக்கு முதல் தாள். அம்மா கையில நூறு ரூபாய் வெச்சிருந்தாங்க. "போக வர ஆன செலவு போக மீதி இருந்தா நீ ஏதாவது வாங்கிக்கோ"ன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு காம்பஸ் பெட்டி வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. என்னோட பெட்டி மூடியே இல்லாம ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வெச்சிருந்தேன்.

7.40-க்கு டவுன் பஸ் வரும். 2021 மே மாதத்திலிருந்து நம்ம தமிழ்நாட்டுல சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கும் அம்மாவுக்கும் காசே ஆகாது. நாங்க ஏழரைக்கே ஆலமரத்து ஸ்டாப்பிங்ல போய் நின்னோம். 7.40 ஆச்சு, 8 ஆச்சு, பஸ்ஸைக் காணோம். 8.10-க்கு ஒரு பிரைவேட் பஸ் வந்தது. டிக்கெட் 18 ரூபாய். ரெண்டு பேருக்கு 36.

"ஏறிடலாம் வா பாப்பா"ன்னு அம்மா சொன்னாங்க. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன். "இருமா, இதோ வந்துடும். எதுக்கு வீணா முப்பத்தாறு ரூபாய்?" அப்படின்னேன். அம்மாவும் புள்ளைக்குத் தெரியும்னு விட்டுட்டாங்க.

டவுன் பஸ் வந்தது 9.05-க்கு. அதுவும் ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நின்னு நின்னு போனது. இறங்கி ஓடினோம். அம்மாவுக்குச் செருப்பு அறுந்து போய், கையில தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. உள்ளே போய் உட்காரும்போது மணி பத்து தாண்டிடுச்சு. மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிஷம். எனக்கு மிச்சம் இருந்தது ஐம்பது நிமிஷத்துக்கும் கம்மி. கை நடுங்குது, மூச்சு வாங்குது, கேள்வியைப் படிச்சா மண்டையில ஏறல. கடைசியில முப்பது கேள்விக்கு மேல படிக்காமலேயே வட்டத்தைக் கருப்பாக்கினேன். ரிசல்ட்ல என் பேர் வரல.

ஒழுங்கான நேரத்துக்குப் போயிருந்தா கிடைச்சிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தமிழ்நாட்டுக்கே 6,695 பேருக்குத்தான் அந்த உதவித்தொகை. ஆனா கிடைக்குமா கிடைக்காதான்னு பார்க்கிற வாய்ப்பையே 36 ரூபாய்க்கு வித்துட்டேன். காம்பஸ் பெட்டியும் வாங்கல. அன்னைக்கு அதை வாங்க மனசு வரல.

அதைவிடப் பெரிய தப்பு

லேட்டா போனது முதல் தப்பு. ரெண்டாவது தப்பு அதைவிடப் பெரிசு. திங்கட்கிழமை டீச்சர் கேட்டப்போ, "கேள்வி ரொம்பக் கஷ்டம் டீச்சர்"னு சொல்லிட்டேன். பஸ் விஷயத்தைச் சொல்லவே இல்லை. அம்மாகிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன்.

அதனால என்ன ஆச்சு தெரியுமா? தினமும் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் இருந்து நமக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர், தன்னோட பயிற்சிதான் சரியில்லைன்னு நினைச்சுட்டாங்க. இந்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு இன்னும் கஷ்டமான கணக்கா தேடித் தேடிக் கொடுக்கறாங்க. நோய் ஒரு இடம், மருந்து ஒரு இடம். நான் மறைச்சதால தான் அது.

போன மாசம் தாங்க முடியாம டீச்சர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஆட்டோவுக்காவது ஏற்பாடு பண்ணியிருப்பேனே"ன்னாங்க. பக்கத்துல நின்ன என் தோழி, "நானும் அன்னைக்கு அரை மணி நேரம் லேட்டுதான் டீச்சர்"னு சொல்லி அழுதுட்டா. ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே தோல்வியை ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு வருஷம் ஒளிச்சு வெச்சிருக்கோம்!

நிலாவுக்குப் போன வண்டி

இந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பயணத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1969-ல் அமெரிக்காவின் அப்போலோ 11 கிளம்பிய நாலே நாளில் நிலாவில் இறங்கியது. நம்ம சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14. இறங்கியது ஆகஸ்ட் 23. நாற்பது நாள்! ஏன் அவ்வளவு நாள்? நேரா கொண்டு போய் விடணும்னா மிகப் பெரிய ராக்கெட் வேணும், எரிபொருளும் நிறைய வேணும். நம்ம விஞ்ஞானிகள் பூமியைச் சுத்திச் சுத்தி வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாக்கி, பூமியோட ஈர்ப்பு விசையையே உதவிக்கு வெச்சுக்கிட்டு அனுப்பினாங்க. சுமார் 615 கோடி ரூபாயில் வேலை முடிந்தது. சுருக்கமா சொன்னா, பிரைவேட் பஸ்ஸுல ஏறாம டவுன் பஸ்ஸுல போனாங்க.

ஆனா அவங்க என்னை மாதிரி போகல. நிலாவில் ஒரு பகல் என்பது நம்ம கணக்குக்கு சுமார் 14 நாள். லேண்டர் சூரிய வெளிச்சத்துல வேலை செய்யறதால, அங்கே பொழுது விடியற நேரத்துக்கு இறங்கணும். அதுதான் அவங்களுக்கு ஒன்பதரை மணி. அதைக் கணக்குப் போட்டு, நாற்பது நாள் முன்னாடியே கிளம்பினாங்க. காசைக் குறைச்சாங்க, அதுக்குப் பதிலா நாளைக் கொடுத்தாங்க. நான் காசையும் கொடுக்கல, நேரத்தையும் கொடுக்கல.

இன்னொன்றும் இருக்கிறது. அதுக்கு முன்னாடி 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி சந்திரயான்-2 இறங்கும்போது தோல்வி ஆனது. அதோட திட்ட இயக்குநர் எம். வனிதா, ஒரு பெண். அந்தத் தோல்வியை யாரும் ஒளிச்சு வைக்கல. ஏன் விழுந்தது, எந்த இடத்துல கணக்கு தப்பினதுன்னு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாங்க. அப்புறம் அடுத்த லேண்டருக்குக் கால்களைப் பலமாக்கினாங்க, எரிபொருளைக் கூட்டினாங்க. முன்பு 500 மீட்டருக்கு 500 மீட்டர் இடத்துல இறங்கணும்னு வெச்சிருந்ததை, பல கிலோமீட்டர் அளவுக்கு அகலமாக்கினாங்க. 'எல்லாம் சரியா நடக்கும்'னு நினைக்காம, 'எதெல்லாம் தப்பா போகலாம்'னு யோசிச்சுச் செய்தாங்க. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர், விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தவர். அவங்க தோல்வியை மறைச்சிருந்தா 2023-ல் நாம எல்லாரும் டி.வி. முன்னாடி கைதட்டியிருக்க முடியுமா?

என் தோல்வியைப் பிரிச்சுப் பார்த்தேன்

நானும் அதே மாதிரி உட்கார்ந்து நோட்டுல எழுதிப் பார்த்தேன். மூணு தப்பு தெரிஞ்சது.

ஒன்று: 7.40 பஸ் எனக்குத் தெரிஞ்சது பள்ளிக்கூட நாள்ல. சனிக்கிழமையில அது எப்படி வரும்னு நான் கேக்கவே இல்லை. தினமும் டவுனுக்குப் பூ கொண்டு போற அக்காவைக் கேட்டிருந்தா, "சனி, ஞாயிறு அந்த ட்ரிப்பை நம்பாதே, 6.20-ல ஏறிடு"ன்னு ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாங்க. பதில் பக்கத்துத் தெருவுலயே இருந்தது.

இரண்டு: எத்தனை மணி வரைக்கும் காத்திருக்கலாம்னு நான் முடிவு பண்ணி வைக்கல. 'இதோ வந்துடும்' அப்படிங்கிறதுக்கு எல்லையே கிடையாது.

மூன்று: கையில இருந்த நூறு ரூபாயை ஆபத்துக்கு உதவுற காசுன்னு நான் நினைக்கல. காம்பஸ் பெட்டின்னு நினைச்சேன்.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு வந்தது. அதே டவுன். அதுக்கு முந்தின சனிக்கிழமையே நோட்டும் பேனாவுமா ஆலமரத்து ஸ்டாப்பிங்ல போய் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வருதுன்னு குறிச்சேன். டீக்கடை தாத்தா, "என்னம்மா, செக்கிங் ஆபீசரா?"ன்னு சிரிச்சார். சிரிக்கட்டும். தேர்வு அன்னைக்கு 6.20 பஸ்ஸுக்கு நின்னோம். ஏழு மணிக்குள்ள வரலைன்னா காசு கொடுத்து எந்த வண்டியானாலும் ஏறிடணும்னு அம்மாவும் நானும் பேசி வெச்சுக்கிட்டோம். அதுக்குன்னு 50 ரூபாயைத் தனியா முடிச்சுப் போட்டு வெச்சிருந்தாங்க. பஸ் 6.25-க்கே வந்துடுச்சு. மையத்துக்கு எல்லாருக்கும் முன்னாடி போய் வேப்ப மரத்தடியில உட்கார்ந்து புளி சோறு சாப்பிட்டோம். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. முடிச்சை அவிழ்க்கவே இல்லை. மாவட்டத்துக்கு 50 மாணவிகள், 50 மாணவர்களுக்குத்தான் உதவித்தொகை. ரிசல்ட் இன்னும் வரல. வந்தாலும் வராட்டியும், இந்தத் தடவை எல்லாக் கேள்வியையும் படிச்சுட்டுதான் விடை எழுதினேன்.

எனக்குப் பிடிக்காத ரெண்டு பாடம்

தோல்வி தானா எந்தப் பாடத்தையும் சொல்லிக் கொடுக்காது. நாம தப்பான பாடத்தையும் படிச்சுக்கலாம். எங்க சித்தப்பா, "ஓசி பஸ்ஸை நம்பினா இப்படித்தான், இனிமே ஆட்டோவுல போங்க"ன்னார். ஆட்டோவுக்கு டவுன் வரைக்கும் நானூறு ரூபாய் யார் கொடுப்பாங்க? அந்த பஸ் இல்லைன்னா எங்க அம்மா மாதிரி எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்கே போக மாட்டாங்க. தப்பு பஸ்ஸோடது இல்லை, என் கணக்கோடது. எங்க ஆயா சொன்னது இன்னும் மோசம். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்த அலைச்சல்? நம்ம தலையில எழுதினது அவ்வளவுதான்"னு சொன்னாங்க. தலையெழுத்துன்னு சொல்லிட்டா அதோட எல்லாம் முடிஞ்சுது. எதையும் திருத்த வேண்டியதில்லை. நான் அதை ஒத்துக்க மாட்டேன். என் தலையில எழுதல, என் நோட்டுல எழுதினேன். அதனாலதான் திருத்த முடிஞ்சது.

நான் கேட்டுக்கொள்வது

ஆசிரியர்களுக்கும் தோழர்களுக்கும் இரண்டு வேண்டுகோள். நம்ம பள்ளி வராந்தாவுல ஒரு கரும்பலகையில, நம்ம ஊருக்கு வரும் எல்லா பஸ் நேரத்தையும், வார நாள் தனியா, சனி ஞாயிறு தனியா எழுதி வைக்கலாம். என் நோட்டுல குறிச்சதை நான் தர்றேன். மீதியை ஆளுக்கு ஒரு நாள் நின்னு குறிக்கலாம். எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகள் இந்த வருஷம் என்.எம்.எம்.எஸ். எழுதப் போறாங்க. அதுக்குள்ள எழுதி முடிச்சிடணும்.

இரண்டாவது, இந்தச் சுவர் இதழ்ல 'வெற்றி பெற்றோர்' என்று ஒரு கட்டம் போட்டுப் பேர் எழுதுகிறோம். அதுக்குப் பக்கத்துல 'நான் எங்கே தப்பினேன்' என்று ஒரு சின்னக் கட்டமும் போடலாம். பேர் வேண்டாம். எங்கே தப்பினதுன்னு மட்டும் இருந்தால் போதும். ஒருத்தர் விழுந்த குழியில் இன்னொருத்தர் விழாமல் இருப்பதுதான் பெரிய சிக்கனம்.

முதல் ஆளாக நான் எழுதிவிட்டேன். அடுத்தது யார்?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி

(பி.கு.: பஸ் நேர நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சாப்பாட்டு மணியில் வந்து பார்த்துக்கொள்ளலாம். கிழிக்காமல் திருப்பித் தரவும்.)