விட்ட கணக்கு

கயைக்குச் சென்று பிதிர்க்கடன் தீர்த்துத் திரும்புகிறவர்கள் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை என்று எதையேனும் ஆயுள் பரியந்தம் விட்டுவிட வேண்டும் என்பது நம்மவர் சம்பிரதாயம்; மிகவும் விருப்பமானதையே விட வேண்டும் என்று பெரியோர் வகுத்திருக்க, பாகற்காயை விட்டுவந்த பாக்கியசாலிகளே நம் தெருக்களில் அதிகம் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாகற்காய்க்குப் பின்னே ஓர் அபிப்பிராயம் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒருவனுடைய உயர்வை அவன் விட்டவற்றின் தொகையைக் கொண்டு அளந்துவிடலாம், அதிகம் விட்டவன் அதிகம் உயர்ந்தவன், அனைத்தையும் விட்டவன் மகான், எதையும் விட முடியாத சம்சாரியோ வந்ததை வந்தபடி அனுபவித்துக்கொண்டு அந்த மகானைக் கும்பிட்டுக் கிடந்தால் போதும் என்பதே அது. இது பிழை என்பது மாத்திரமல்ல, சோம்பலுக்குப் பக்தியின் போர்வையைப் போர்த்திவிடும் தந்திரம் என்பதும் என் கட்சி.

இதைச் சோதிப்பதற்குக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அணித்தாயுள்ள வடலூரைக் காட்டிலும் தகுந்த இடம் வேறில்லை. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்க அடிகளைப் பற்றித் தைப்பூசக் கூட்டத்தில் யாரை விசாரித்தாலும், அவர் பொருளை விட்டார், சாதியை விட்டார், சமயத்தை விட்டார், துறவிகளுக்குரிய காஷாயத்தையும் வேண்டாமென்று வெள்ளாடையோடு நின்றார், தம் பெயரோடு சாமி என்று சேர்த்து வழங்குவது ஆரவாரமாய்த் தோன்றுகிறதென்று கடிதம் எழுதித் தடுத்தார் என்று விட்ட கணக்கைப் பிழையில்லாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பித்ததெல்லாம் மெய்யே. அவருடைய கை இத்தனையையும் கீழே வைத்துவிட்டு எதை எடுத்துக்கொண்டது என்று கேட்டால்தான் பதில் தாமதமாகிறது.

எடுத்துக்கொண்டது ஓர் அடுப்பு. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் மூட்டப்பட்ட அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துவருகிறது என்பது யாவரும் அறிந்தது. வடலூர்ப் பார்வதிபுரத்துக் குடிகள் கொடுத்த சுமார் 80 காணி நிலம் அதற்கும் பின்னர் எழுந்த சபைக்கும் ஆதாரமாயிற்று என்பதும் அவ்வூரார் அறிந்ததே. சமையலறை என்பது துறவிக்கு ஏற்ற இடமா என்று எண்ணிப் பாருங்கள். அரிசி வந்து சேர வேண்டும், விறகு உலர்ந்திருக்க வேண்டும், பொழுது விடியுமுன்பே யாராவது எழுந்திருக்க வேண்டும், நேற்று உண்டவனுக்கு இன்றும் பசிக்கும் என்ற தீராத நியாயத்துக்குத் தினந்தோறும் கட்டுப்பட வேண்டும். சம்சாரம் என்று நாம் அலுத்துக்கொள்வதில் பெரும்பகுதி இதுதான் அல்லவா? உலகை விட்டவர் என்று நாம் கொண்டாடுகிற ஒருவர், உலகத்தின் மிகப் பழைய பாரத்தையே தேடிப்போய்த் தலையில் ஏற்றிக்கொண்டார் என்பது நம் கணக்கில் எங்கும் ஏறவில்லை.

வடலூரில் இரண்டு வாயில்கள் இருக்கின்றன. 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தில் ஜோதி தரிசனம் தொடங்கிய சத்திய ஞான சபையின் வாயிலில், கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே புகலாம் என்ற நிபந்தனை உண்டு. தருமச்சாலையின் வாயிலில் நிபந்தனையே இல்லை. வந்தவன் எந்தத் தேசத்தான், எந்தச் சமயத்தான், என்ன சாதி, எப்படிப்பட்ட நடத்தையுள்ளவன் என்று விசாரியாமல் பசி ஒன்றையே கண்டு சோறிட வேண்டும் என்பது அவர் விதித்த ஒழுக்கம். விலக்க வேண்டியதை விலக்கு என்று ஒரு வாயிலில் கண்டிப்பாகச் சொன்னவர், யாரையும் விலக்காதே என்று மற்றொன்றில் அதே கண்டிப்போடு சொன்னார். இவற்றுள் முந்தியது எது? சபையைக் காட்டிலும் சாலை ஏறக்குறைய ஐந்தாண்டு மூத்தது. சபை வாயிலின் நிபந்தனையைத் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஒரு நாள் அனுஷ்டித்துவிட்டு, சாலை வாயிலின் சுதந்திரத்தை வருஷம் முழுவதும் மறந்திருப்பவர்கள் அடிகளைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

மறுப்பை மாத்திரமே பூஜிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. உறவினர் வற்புறுத்தலுக்கு இணங்கி அடிகள் தம் தமக்கையின் மகளான தனம்மாளை மணந்தார் என்றும், இல்லறத்தில் மனம் பற்றாமலே இருந்தார் என்றும் சரித்திரம் எழுதியவர்கள் ஒரே வரியில் அவருடைய வைராக்கியத்தை வியந்துவிட்டு மேலே நடக்கிறார்கள். அந்தப் பெண்மணி எப்படி வாழ்ந்தார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அடிகளைக் குற்றவாளியாக்குவது என் கருத்தன்று. வேண்டாம் என்றவரைக் கட்டாயப்படுத்தியவர்கள் சுற்றத்தார். ஆனாலும் ஒருவருடைய துறவுக்கு மற்றொருவரும் விலை கொடுத்திருக்கக் கூடும் என்பதை மறைக்கிற கணக்கு நேர்மையான கணக்காகாது.

காஷாயம் உடுத்தவர்களும் இந்த அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பாடசாலை கண்ட சுவாமி சகஜானந்தர் சந்நியாசியே; ஆனால் சட்டசபை அங்கத்தினராயும் இருந்தார், பள்ளிக்கும் விடுதிக்கும் பொருள் தேடி அலைவதையும் தம் தருமமாகக் கொண்டார். நந்தனாரின் கதையை நாம் கேட்கும்போதெல்லாம் தீயில் மூழ்கி எழுந்த கட்டத்தில் கண்ணீர் பெருக்குகிறோம். இவரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, தீயை ஒதுக்கிவிட்டு, பலகையையும் பாடப்புத்தகத்தையும் அந்த இடத்தில் வைத்தார். கொள்ளுதலும் தள்ளுதலும் ஒரே செயலாக நிகழ்ந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தில்லைச் சுற்றுப்புறத்தில் நான் அறியேன்.

இவர்களெல்லாம் சந்நியாசிகள், எங்களுக்கோ பிள்ளை குட்டிகள் இருக்கின்றன என்று சம்சாரி உடனே எழுந்து நிற்பார். கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலனின் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்துக்கு ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துச் சென்று சிறை புகுந்தவர். பின்னொரு தண்டனையின்போது கர்ப்பிணியாயிருந்ததால் வேலூர்ச் சிறையிலிருந்து பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, ஈன்ற குழந்தையைக் கையில் ஏந்தி மீதித் தண்டனையை அனுபவிக்கத் திரும்பிப் போனவர். சிறையையும் தொட்டிலையும் ஒன்றுக்காக மற்றொன்றை விடாமல் இரண்டையும் ஏற்றுக்கொண்ட அந்த அம்மையாரை, விட்ட கணக்கு எழுதுகிறவர்கள் எந்தப் பக்கத்தில் பதிவார்கள்? அவர் கணவரை விடவில்லை, மக்களை விடவில்லை. பிற்பாடு சென்னைச் சட்டமன்றத்தில் கடலூர் ஜனங்களுக்காகப் பேசும் பொறுப்பு வந்தபோது, பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று சொல்லி அதையும் விடவில்லை.