வெள்ளிக்கிழமை டிக்கெட்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வீட்டுக் கூடத்தில் ஒரு மகாநாடு நடைபெற்றது. தலைமை வகித்தவர் நம் தகப்பனார், வயது 76. பிரதிநிதிகள் நாமும், நம் இல்லத்தரசியும், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் புதல்வனும். வரவு செலவு நோட்டுப் புத்தகம் வெறும் பார்வையாளராக வந்து அமர்ந்தது. கடைசியில் அதுவே எல்லோரையும்விட அதிகமாகப் பேசிற்று. விவாதத்துக்கு வந்த விஷயம்: சிங்கப்பூர் சென்று மோட்டார்ப் பந்தயம் பார்ப்பது.

பள்ளிக்கூட வாத்தியார் குடும்பத்துக்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் நம்முடையதன்று, தகப்பனாருடையது. அவர் நாற்பது வருஷம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். இளமையில், 1970களில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பந்தயம் நடக்கும் போதெல்லாம் பஸ் ஏறிப் போய்விடுவார். யுத்த காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட ஓடுபாதை அது. நிழல் கிடையாது, தலையில் ஈரத்துண்டு, கையில் பொட்டலச் சோறு. கோயம்புத்தூர் கரிவரதன் முதலியோர் வண்டி ஓட்டியதைக் கண்ணால் கண்டதை, கோயில் திருவிழாவைச் சொல்வது போல இன்றும் சொல்வார். பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான பாதை அமைந்தது. அதற்குள் தகப்பனாருக்குக் குடும்பபாரம் வந்துவிட்டது, பந்தயம் போய்விட்டது.

அடங்கியிருந்த ஆசை 2024இல் மறுபடி தலைதூக்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் விளக்கொளியில் கார்ப் பந்தயம் நடந்ததல்லவா? பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர், "இது பிள்ளைகள் பழகும் வண்டி. பெரிய வண்டியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்றார். அதன் பிறகு ஒரு வருஷம் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. வயதானவர்கள் ஓர் ஆசையை ஒரே தடவை சொல்லிவிட்டு மௌனமாயிருந்தால், அதைத் தட்டுவது எளிதன்று.

அந்தப் பெரிய வண்டி, அதாவது பார்முலா ஒன் என்னும் பந்தயத்துக்குரிய வண்டி, நம் நாட்டுக்கு வராததன்று. டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் நடந்தது. மூன்று முறையும் ஜெர்மானியர் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். 2005இல் இந்தப் பந்தயத்தில் புகுந்த முதல் இந்தியரான நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அங்கே ஓட்டியிருக்கிறார். வரி விவகாரம் முதலிய காரணங்களால் அது நின்றது. மலேசியாவில் செப்பாங் என்னுமிடத்தில் 1999 முதல் நடந்து வந்ததும் 2017உடன் முடிவுற்றது. ஆகவே நம்மவர் அதிகத் தொலைவு போகாமல் பார்க்கக்கூடியது சிங்கப்பூர்தான்: சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம்.

அங்கே இதற்கென்று தனி மைதானம் கிடையாது. நகரத்துச் சாலைகளையே வேலியிட்டுப் பந்தயப் பாதையாக்குகிறார்கள். 2008இல் முதன்முதலாக நடந்தபோது, பார்முலா ஒன் வரலாற்றிலேயே இரவில் நடந்த முதல் பந்தயம் என்ற பெயரை அது பெற்றது. இரவு ஏன் என்று புதல்வன் கேட்டான். பூகோளப் பாடம் நடத்த நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. சிங்கப்பூரில் இரவு 8 மணி என்றால் நமக்கு மாலை 5.30, மத்திய ஐரோப்பாவில் கோடைகாலக் கணக்குப்படி பிற்பகல் 2 மணி. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் ஐரோப்பியருக்கு வசதியான வேளை! 2023 முதல் பாதையின் நீளம் ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர், 62 சுற்றுகள். சுவர்கள் நெருங்கியிருப்பதால் விபத்து எளிதில் நேரும். 2008 முதல் 2023 வரை நடந்த ஒவ்வொரு சிங்கப்பூர்ப் பந்தயத்திலும், வேகத்தைக் குறைத்து எல்லோரையும் தன் பின்னே அழைத்துச் செல்லும் காவல் வண்டி ஒரு தடவையேனும் உள்ளே வர நேர்ந்தது.

முதல் பந்தயத்தில் நடந்த ஒரு சூதையும் நாம் சபையில் எடுத்துரைத்தோம். அன்று ஓர் அணியார் தங்கள் ஓட்டுநர் ஒருவரை வேண்டுமென்றே சுவரில் மோதச் செய்து, அந்தக் குழப்பத்தினால் தங்கள் மற்றோர் ஓட்டுநருக்கு அநுகூலம் தேடிக்கொண்டார்கள். 2009இல் உண்மை வெளியாகி, அணியின் தலைவர் பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. "பரீட்சையில் காப்பியடித்த கதையாயிருக்கிறதே! இதற்கா பணம் செலவழிப்பது?" என்றோம். தகப்பனார் சிரித்தார். "தேய்ந்த நட்டைப் போட்டு அனுப்புகிறவன் பட்டறையிலும் உண்டு. அதற்காகப் பட்டறையையா மூடுவார்கள்?" என்றார். அந்தக் கட்சி அத்துடன் தோற்றது.

அடுத்தபடியாக இல்லத்தரசி எழுப்பிய ஆட்சேபம் பலமானது. "போய் உட்கார்ந்தால் முழுவதும் தெரியுமா?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. தெரியாது. மேடையில் அமர்ந்தவனுக்குத் தெரிவது ஒரு திருப்பமும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கொஞ்சம் சாலையும்தான். வண்டி வரும், கண் இமைப்பதற்குள் போய்விடும். பிறகு ஒன்றரை நிமிஷம் கழித்து மறுபடி வரும். யார் முந்தினார், எங்கே முந்தினார் என்பதை எதிரே வைத்த பெரிய திரையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். வீட்டில் டெலிவிஷன் முன் முறுக்குத் தின்றுகொண்டிருப்பவனுக்குப் பந்தயம் அதைவிட நன்றாகப் புரியும். "அப்படியானால் முறுக்கு நான் சுட்டுத் தருகிறேன், சிங்கப்பூர் எதற்கு?" என்றாள். நோட்டுப் புத்தகமும் அதை ஆமோதித்தது.

உண்மையில், கணக்குப் போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பந்தயம் ஒரு நாள் காரியமன்று. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். வழக்கமான ஏற்பாட்டில் வெள்ளியன்று ஒவ்வொரு மணி நேரமாக இரண்டு பயிற்சிகள், சனியன்று மற்றொரு பயிற்சியும், யார் முன்வரிசையில் நிற்பது என்பதைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றும், ஞாயிறன்று பந்தயம். சனிக்கிழமையில் குறும்பந்தயம் ஒன்றைச் சேர்க்கும் ஊர்களும் ஆண்டுகளும் உண்டு. அப்போது பயிற்சி குறையும். ஆகையால் அவ்வாண்டு அட்டவணையைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கலாகாது. மேடையில் ஆசனம் வேறு. நின்றும் நடந்தும் பார்க்கும் மலிவான டிக்கெட் வேறு. பந்தய வாரத்தில் நகரத்து ஹோட்டல்களின் வாடகை ஏறிவிடும். நம்மவர் சேரங்கூன் சாலைப் பக்கம் அறை பார்ப்பது உத்தமம். அங்கிருந்து ரயிலிலேயே பந்தயப் பாதைக்குப் போய்வரலாம். இட்டிலிக்கும் கவலையில்லை, தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாதலால் பேச்சுக்கும் கவலையில்லை.

வேறு கவலைகள் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் மேலதிகாரியின் அனுமதியும் பெற வேண்டும். பந்தயம் பெரும்பாலும் செப்டம்பர் நடுவுக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும் இடையே வருவதால், காலாண்டு விடுமுறையோடு பொருந்தினால் நம் அதிர்ஷ்டம். வெப்பமோ சாமானியமன்று. இரவிலும் புழுக்கம் விடாது. ஒரே பந்தயத்தில் ஓட்டுநர்களின் உடல் எடை மூன்று கிலோ வரை குறைந்துவிடும் என்கிறார்கள். 2025இல் இதே சிங்கப்பூரில்தான் வெப்ப அபாயம் என்ற அறிவிப்பு முதன்முதலாக வெளியிடப்பட்டு, குளிரூட்டும் உள்ளாடை அணிய அவர்களுக்கு வழி செய்யப்பட்டது. பார்க்கப் போகிறவருக்கு வயது 76. முழங்கால் வலி வேறு. வாசலிலிருந்து மேடைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் அளந்து பார்த்துத்தான் வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வளவையும் நாம் காகிதத்தில் எழுதி வாசித்தோம். மூன்று பேர், மூன்று நாள் மேடை ஆசனம், விமானம், அறை. மொத்தத் தொகையைச் சொன்னபோது கூடத்தில் மின்விசிறியின் ஓசை மாத்திரம் கேட்டது. வருகிற ஆண்டு மூத்த பெண்ணுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை.

அப்போது தகப்பனார் வாய் திறந்தார்.

"எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அப்பா. வெள்ளிக்கிழமை போதும்."

"பந்தயமே ஞாயிற்றுக்கிழமைதானே, தாத்தா!" என்று பேரன் பதறினான்.

"ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயித்தான் என்று பேப்பரில் வந்துவிடும். வெள்ளிக்கிழமை என்ன செய்தான் என்று யார் எழுதுகிறான்?" என்றார் அவர். பிறகு சொன்னார்: வண்டியின் குறை தெரிவது வெள்ளிக்கிழமைதான். புது ஊர், புதுச் சாலை. வண்டி என்ன சொல்கிறது என்று கேட்டு, அவிழ்த்து, மாற்றி, மறுபடி அனுப்பிப் பார்க்கும் நாள் அது. வண்டியின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்பதை அறிய, பளிச்சென்ற வண்ணப் பூச்சைத் தடவி அனுப்புவார்களாம். ஒரு சுற்றுப் போய் வந்தால் காற்றின் தடம் அதில் கோலம் போட்டிருக்குமாம். பேரனின் கைப்பேசியில் அதைப் பார்த்திருக்கிறார். வண்டிகளை நிறுத்திச் செப்பனிடும் கொட்டகைகளுக்கு எதிரே ஒரு மேடை இருக்கிறது. அங்கே ஒரு நாள் இடம் கிடைத்தால் போதும் என்றார்.

நமக்கு உடனே பேச வரவில்லை. இருபது வருஷமாக நாம் வகுப்பில் சொல்லி வருவதும் இதுதானே? பரீட்சைத் தாளில் மதிப்பெண் தெரியும். பையன் எங்கே தவறுகிறான் என்பது அன்றாடப் பயிற்சி நோட்டில்தான் தெரியும். அந்த நோட்டைப் பார்க்கும் பெற்றோர் நூற்றுக்கு ஒருவர். படிப்பு வாசனை அதிகமில்லாத நம் தகப்பனார் அந்த ஒருவராயிருக்கிறார்.

ஆனால் மனத்தில் ஒரு முள் தைத்தது. இது தொழிலாளியின் ருசியா, அல்லது மகனின் பணத்தை மிச்சம் பிடிக்கும் தகப்பனின் தந்திரமா? வெள்ளிக்கிழமை டிக்கெட் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டைவிட மலிவு என்பது அவருக்குத் தெரியாததன்று. சிறு வயதில் நாம் கடையில் எதையாவது கேட்டபோது, "எனக்குப் பசியில்லை, நீ சாப்பிடு" என்று அவர் சொன்ன குரலும் இதே குரல்தான்.

இரவு தனியாக இருக்கையில் கேட்டோம்: "அப்பா, பணம் ஒரு பொருட்டில்லை என்றால் எந்த நாள் போவீர்கள்?" அவருக்குப் பட்டறை இரைச்சலில் காது மந்தம், இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. சற்று நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "லாரிச் சக்கரத்துக்குப் பத்து நட்டு. நான் ஒருவனே கழற்றி மாட்ட அரைமணி ஆகும். அவர்கள் வண்டிக்குச் சக்கரத்துக்கு ஒரே நட்டு. இருபது பேர் சேர்ந்து நாலு சக்கரத்தையும் இரண்டு விநாடியில் மாற்றுகிறார்கள். அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். எந்தக் கிழமையானால் என்ன?" என்றார். 2023இல் கத்தார் நாட்டில் ஓர் அணியார் 1.80 விநாடியில் மாற்றிய விவரத்தை நாம் சொன்னபோது, ஒரு குழந்தையைப் போல வாயைத் திறந்து கேட்டுக்கொண்டார். காதுக்குப் பாதுகாப்பாகப் பஞ்சு வாங்க வேண்டும் என்றதற்கு, "எனக்கு எதற்கு? கம்பியில் கை வைத்தால் என்ஜின் உள்ளங்கையில் கேட்கும்" என்றார்.

தீர்மானம் இவ்வாறு நிறைவேறியது. கொட்டகைக்கு எதிர்மேடையில் வெள்ளிக்கிழமைக்கு மூன்று ஆசனங்கள். சனிக்கிழமை முழங்காலுக்கு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைக்கு நின்று பார்க்கும் டிக்கெட் இரண்டு. அதில் நாமும் புதல்வனும் போக வேண்டுமென்பது தகப்பனாரின் உத்தரவு. அவர் அறையில் டெலிவிஷனில் பார்ப்பாராம். யாருக்குப் பந்தயம் நன்றாகத் தெரிந்தது என்று இரவு ஒப்பிட்டுப் பார்க்கலாமாம்.

திங்கட்கிழமைக்கு நாம் ஒரு காரியம் சேர்த்திருக்கிறோம். பந்தயப் பாதை சுற்றிச் செல்லும் பத்தாங் திடலில்தான், 1943ஆம் வருஷம் ஜூலை 5ஆம் தேதி நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அப்படையில் சேர்ந்தவர்களுள் மலாய் நாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர். அவர்களுக்காகப் பக்கத்திலே எழுப்பிய நினைவுத்தூணை 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995இல் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது. இரைச்சல் ஓய்ந்தபின் மூவரும் அங்கே சற்று நிற்க உத்தேசம்.

முறுக்கு விஷயத்தில் மாத்திரம் இல்லத்தரசியின் கட்சி வென்றது. ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்கப்போகிற மாமாவுக்கென்று, இரண்டு டப்பா கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.