கிருமிக்குள் ஒரு கிருமி

போன பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால், பழனி அடிவாரத்தில் ஒரு மருந்துக்கடையில் என் பிரஷர் மாத்திரைக்காக நின்றிருந்தேன். பாதயாத்திரை வந்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் புழுதி, காலெல்லாம் வெடிப்பு. "வயித்தால போகுதுங்க, நேத்திலிருந்து நாலஞ்சு தடவை" என்றார். கடைப் பையன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அட்டையிலிருந்து ஆறு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தான். சிப்ரோஃப்ளாக்சசின். அவர் அங்கேயே ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தார். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்றைப் பையன் கொடுக்கவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

நானும் வாயைத் திறக்கவில்லை. சுகாதார ஆய்வாளராக இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் சும்மா நின்றது இன்னும் உறுத்துகிறது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு வாந்திபேதி என்ற சொல் போதும், விளக்கம் தேவையில்லை. திருவிழா என்றால் காலரா ஊசியும் பிளீச்சிங் பவுடர் வாசனையும் சேர்ந்தே ஞாபகம் வரும். அந்தக் காலராவுக்குக் காரணமான கிருமியை 1884-இல் கல்கத்தாவில் இனங்கண்டு சொன்னவர் ஜெர்மானியரான ராபர்ட் கோக். அந்தக் கிருமி எப்படி ஆளைக் கொல்கிறது என்று தெரிய இன்னும் 75 வருஷம் ஆனது. 1959-இல் அதே கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவர், கிருமியை முழுதாக வடிகட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்திப் பார்த்தார். குடலில் நீர் கோத்துக்கொண்டது. ஆக, கிருமி விடும் விஷம்தான் உடம்பின் தண்ணீரையெல்லாம் குடலுக்குள் இறைக்கிறது என்பது நிரூபணமானது.

சரி, அந்த விஷம் கிருமியின் சொந்தச் சரக்கா? அதுவும் இல்லை என்று 1996-இல் அமெரிக்காவில் வால்டர், மெக்கலானோஸ் என்ற இருவர் காட்டினார்கள். பாக்டீரியாவுக்கும் நோய் வரும். அதைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு, அவற்றுக்கு ஃபாஜ் என்று பெயர். சில ஃபாஜ்கள் உள்ளே நுழைந்ததும் பாக்டீரியாவைக் கொல்லாமல், அதன் மரபணுத் தொகுதிக்குள்ளேயே தன் மரபணுவைச் செருகிக்கொண்டு குடியிருந்துவிடும். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதுவும் கூடவே நகலாகும். காலரா விஷத்தைத் தயாரிக்கும் மரபணு இப்படிக் குடியேறிய ஒரு வைரஸோடு வந்தது. காலராக் கிருமியின் மரபணுத் தொகுதி சுமார் 40 லட்சம் எழுத்து நீளம் என்றால், இந்த வைரஸின் பங்கு வெறும் 7,000 எழுத்து. அந்த வைரஸ் ஏறாத காலராக் கிருமிகள் ஆற்றுமுகத்திலும் கடலோரத்திலும் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றால் கொள்ளைநோய் வருவதில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, இங்கே ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியின் கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டது.

இது ஏதோ தூரதேசத்துக் கதை அல்ல. 1992 அக்டோபரில் சென்னையில் ஒரு புது வகைக் காலரா தலைகாட்டியது. மதுரையிலும் வேலூரிலும் தெரிந்தது. அதுவரை ஓ1 என்ற வகைதான் கொள்ளைநோயாகப் பரவும் என்பது பாடம். வந்தது ஓ1 இல்லை. பிறகு அதற்கு ஓ139 என்று எண் கொடுத்து, வங்கக்கடலோரத்தில் முதலில் தெரிந்ததால் 'பெங்கால்' என்று பெயரும் வைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் வங்கதேசத்தில் மட்டும் லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். பழைய காலராவுக்கு எதிர்ப்புசக்தி வந்திருந்த பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. கிருமி தன் மேல்சட்டையை மாற்றிக்கொண்டிருந்ததால் உடம்புக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் உள்ளே குடியிருந்த வைரஸும் அது தயாரித்த விஷமும் பழையவைதான். அப்போது நாங்கள் தண்ணீர்த் தொட்டிகளில் குளோரின் பார்த்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தோம். எதோடு சண்டை போடுகிறோம் என்று எங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியாது.

இனி மாத்திரைக்கு வருகிறேன். காலராவைப் போலவே ஈ.கோலை என்ற குடல் கிருமியிலும் இந்தக் குடியிருப்பு உண்டு. நம் எல்லோர் வயிற்றிலும் இருக்கும் சாதுவான கிருமி அது. அதில் சில வகைகளுக்குள் ஷிகா விஷத்தின் மரபணுவைச் சுமந்த வைரஸ் ஏறிவிடுகிறது. அப்படிப்பட்ட கிருமி உணவோடு உள்ளே போனால் ரத்தபேதி. சிலருக்கு, அதிலும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும், சிறுநீரகமே பழுதாகும். 1996-இல் ஜப்பானின் சகாய் நகரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் கிருமியின் மரபணுவை முழுதாகப் படித்தபோது அதற்குள் 18 வைரஸ்களோ அவற்றின் மிச்சங்களோ கிடந்தன. 2011-இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் இறந்ததற்கும் இதே மாதிரியான கிருமிதான் காரணம். அது வந்த வழி என்ன தெரியுமா? பச்சையாகச் சாப்பிட்ட வெந்தய முளை. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயம்தான்.

இந்த வைரஸ் பாக்டீரியாவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். பாக்டீரியாவின் மரபணு சேதமானால், வீடு இடியப்போகிறது என்று தெரிந்த குடித்தனக்காரன் மாதிரி விழித்துக்கொள்ளும். மளமளவென்று பெருகி, வீட்டை உடைத்து வெளியேறும். அந்தப் பெருக்கத்தோடு சேர்ந்துதான் ஷிகா விஷமும் அதிகமாக உற்பத்தியாகிக் குடலில் கொட்டுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவைக் கொல்வதே அதன் மரபணுவைச் சேதப்படுத்தித்தான். அதாவது, கிருமியைக் கொல்லப் போட்ட மாத்திரையே தூங்கும் வைரஸை எழுப்பிவிடலாம். அதனால்தான் இந்த வகை ஈ.கோலை என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

அந்தப் பக்தருக்கு வந்தது இந்த ஈ.கோலைதான் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் கெட்டுப்போன சாம்பார் சாதமாகவும் இருந்திருக்கலாம். என் வாதம் வேறு. எந்தக் கிருமி, அதற்குள் எந்த வைரஸ் என்பதை மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று யாராலும் சொல்ல முடியாது. தெரியாத வீட்டுக்குள் கல்லெறியக் கூடாது. கடும் காலராவுக்கு ஆன்டிபயாடிக் உதவும், உண்மை. ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது.

"நடந்து வர்ற ஜனம் டாக்டரை எங்கே போய்த் தேடும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். பெரும்பாலான கழிச்சலுக்கு முதலில் தேவை மாத்திரையே இல்லை, போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹாலனபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அதை நம் வீட்டிலேயே செய்யலாம். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாக்கெட் வாங்கினால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், அரிசி கழுவிய நீர் போல நிற்காமல் போவது, சிறுநீர் இறங்காமல் இருப்பது, இதில் எது தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

எனவே என் கோரிக்கை, அன்னதானமும் நீர்மோர்ப் பந்தலும் போடும் புண்ணியவான்களுக்கு. ஒட்டன்சத்திரம் வழியிலும் தாராபுரம் வழியிலும் உங்கள் பந்தலில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு பெட்டி வையுங்கள். கைகழுவ சோப்பு வையுங்கள். தொட்டித் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து விநியோகியுங்கள். "குளோரின் நாத்தம்" என்று முகம் சுளிப்பவர்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மோருக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். கிருமிக்குள் என்ன வைரஸ் இருக்கிறது என்று குளோரின் கேட்பதில்லை, கிருமியை வயிற்றுக்குள் போகுமுன்பே முடித்துவிடும்.

அடுத்த முறை அந்தக் கடை வாசலில் நிற்க நேர்ந்தால் நான் சும்மா இருக்கப்போவதில்லை. "தம்பி, மாத்திரையை உள்ளே வை, முதல்ல அந்தப் பாக்கெட்டை எடு" என்று சொல்லத்தான் போகிறேன். கிழவனுக்கு என்ன வேலை என்று அவன் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.